எதிர் வீட்டு மொட்டை மாடி



கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

வங்கியில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "சார், வீட்டுக்கு சோலார் போடலாமா வேண்டாமா? நீங்க பிசிக்ஸ் வாத்தியார், நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்றார். கணக்கெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில், "சரி சார், எங்க தெருவில யாராவது போட்டிருக்காங்களான்னு பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்றார். சிரித்துவிட்டேன். அவர் சொன்னதில் தவறே இல்லை. இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

திருச்சியில் எங்கள் தெருவில் 26 வீடுகள். இன்றைய தேதியில் 11 வீட்டு மாடியில் சோலார் இருக்கிறது. எங்களுக்குப் பின் தெருவில் 28 வீடுகள். அங்கே இரண்டே இரண்டு. இரண்டு தெருவும் ஒரே சமயத்தில் மனை பிரித்தவை. ஒரே வெயில், ஒரே ஈபி ஆபீஸ், ஏறக்குறைய ஒரே வருமானம். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், பாதிப் பேரின் பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ. 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் 'பிரதமரின் சூரிய வீடு' திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றபோது அந்த மானியமும் இரண்டு தெருவுக்கும் ஒன்றுதான். பிறகு ஏன் இங்கே 11, அங்கே 2?

வேலையில்லாத வாத்தியாருக்கு இது போதாதா? மாலை நடையில் ஒவ்வொரு வீடாக விசாரித்தேன். "ஏன் போட்டீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் முதலில் சொன்ன பதில், "கரண்ட் பில் குறையும்ல சார்." இரண்டாவது பதில், "சுற்றுச்சூழலுக்கு நல்லதுல்ல." "எப்போது போட்டீர்கள்? அதற்கு முன்னால் யார் வீட்டில் பார்த்தீர்கள்?" என்று கேள்வியை மாற்றியதும் வேறு கதை வந்தது.

எங்கள் தெருவில் முதலில் போட்டவர் கோடி வீட்டு ரயில்வேக்காரர். 2019இல். அவர் அதிகம் பேசாத மனிதர். வாசலில் கோலம் போடும் நேரத்துக்கு நடந்துபோய், பேப்பர் வாங்கி, கதவைச் சாத்திக்கொள்வார். இரண்டு வருஷம் அவர் மாடியில் பேனல் மின்னிக்கொண்டிருந்தது. ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

இரண்டாவதாகப் போட்டவர் தெரு நடுவில் சீட்டுப் பிடிக்கும் அக்கா. அவர் வீட்டுக்கு மாதத்தில் ஒரு நாளாவது தெருவே போய்வரும். அந்த அக்கா செய்த ஒரே காரியம், சோலாருக்கு முந்தைய ஈபி பில்லையும் பிந்தைய பில்லையும் பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியது. சீட்டுப் பணம் கட்ட வந்தவர்கள் தண்ணீர் கேட்டால் பிரிட்ஜ் திறந்தாக வேண்டும். பில் கண்ணில் பட்டாக வேண்டும். அடுத்த 14 மாதத்தில் நான்கு வீடுகளில் சோலார் ஏறியது. அந்த நான்கில் எங்கள் வீடும் ஒன்று. மின்சாரப் பாடத்தை 34 வருஷம் நடத்தியவன் வீட்டில் சோலார் வந்தது, என் மனைவி சீட்டுப் பணம் கட்டிவிட்டு வந்த ஒரு சாயங்காலத்தில்தான் முடிவானது.

அதன்பிறகு ஒருவர் போட்டதற்குக் காரணம் சம்பந்தி வீடு. பெண்ணைக் கொடுத்த இடத்தில் போட்டுவிட்டார்களாம். "அவங்க வீட்டுக்குப் போய் மாடியில நின்னா, அவர் பேனலக் காட்டிக் காட்டிப் பேசறார் சார். நாம சும்மா நிக்கறதா?" என்றார். இந்த 'சும்மா நிக்கறதா'வுக்கு எந்த மானியமும் ஈடாகாது.

சரி, பின் தெருவில் என்ன ஆயிற்று? அங்கேயும் 2021இல் ஒருவர் துணிந்து போட்டார். அவருக்கு வாய்த்த ஒப்பந்ததாரர் சரியில்லை. முன்பணம் வாங்கிவிட்டு நான்கு மாதம் இழுத்தடித்தார். மாட்டிய பிறகு ஆணி அடித்த இடத்தில் மழைக்கு ஒழுகியது. இன்வெர்ட்டர் நின்றபோது போன் எடுக்கவில்லை. அந்த வீட்டுக்காரர் பாவம், பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார். அதோடு அந்தத் தெரு உறைந்துவிட்டது. "சோலாரா? அந்த வீட்டுக் கதை தெரியாதா?" என்பதுதான் இன்றுவரை அங்கே பேச்சு. ஒரு நல்ல பில் நான்கு வீட்டை இழுத்தது; ஒரு கெட்ட அனுபவம் ஒரு தெருவையே பூட்டிவிட்டது. அரசாங்கம் மானியம் எவ்வளவு கொடுத்தாலும், கெட்ட வேலை செய்யும் ஆட்களைக் கட்டுப்படுத்தவில்லை என்றால் பணம் போன இடம் தெரியாது.

இது நம் ஊர்க் குணம் மட்டுமா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் போலிங்கர், கில்லிங்ஹாம் என்ற இருவர் இதையே ஆராய்ந்து 2012இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு பகுதியில் ஏற்கெனவே சோலார் பொருத்திய வீடுகள் கூடக் கூட, அதே பகுதியில் அடுத்தவர் பொருத்தும் வாய்ப்பும் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது.

அதைவிட என்னைக் கவர்ந்தது இன்னொன்று. அதே மாநிலத்தில் நோலன், சியால்டினி முதலானோர் செய்து 2008இல் வெளியான ஆய்வு. வீட்டுக் கதவுகளில் அட்டை மாட்டினார்கள். மின்சாரத்தைச் சேமியுங்கள் என்பதுதான் எல்லா அட்டையிலும் செய்தி. காரணம் மட்டும் வேறு வேறு. சிலருக்கு 'சுற்றுச்சூழலுக்காக', சிலருக்கு 'எதிர்காலச் சந்ததிக்காக', சிலருக்கு 'உங்கள் பணம் மிச்சமாகும்', சிலருக்கு 'உங்கள் அக்கம்பக்கத்தார் பலரும் இதைச் செய்கிறார்கள்'. மீட்டரைப் பார்த்தால், அக்கம்பக்கத்தைச் சொன்ன அட்டைதான் அதிகம் வேலை செய்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், எது உங்களைத் தூண்டும் என்று மக்களிடம் கேட்டபோது, அக்கம்பக்கத்துக்குத்தான் கடைசி இடம் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் நான் கேட்ட முதல் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் வந்த பதில்களை நினைத்துப் பாருங்கள். அதேதான்.

மனிதன் பொய் சொல்கிறான் என்று இதற்குப் பொருள் இல்லை. எது நம்மை நகர்த்தியது என்பது நமக்கே தெரிவதில்லை.

தஞ்சாவூர்ப் பக்கத்து உறவினர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 நெல் வந்தபோது, விரிவாக்க அலுவலர் சொன்னதைக் கேட்டு நட்டவர்கள் எத்தனை பேர், பக்கத்து வயல் வரப்பில் நின்று பார்த்துவிட்டு நட்டவர்கள் எத்தனை பேர்? என் தாய்மாமா சொல்வார்: "ஆபீசர் சொன்னா தலையாட்டுவோம். அடுத்த வயக்காரன் அறுத்தாத்தான் நம்புவோம்."

2003ஐயும் நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று அரசு சொன்னது. கெடு வைத்தது. ஊரே குழி தோண்டியது. சட்டத்துக்குப் பயந்து வெறும் குழாயை மண்ணில் சொருகியவர்களும் உண்டு. பக்கத்து வீட்டுக் கிணற்றில் நீர் ஏறியதைப் பார்த்துவிட்டு மறுவருஷம் ஒழுங்காகச் செய்தவர்களும் உண்டு. சட்டம் குழி தோண்ட வைத்தது. அதைத் தூர் வாரிப் பராமரிக்க வைத்தது பக்கத்து வீட்டுக் கிணறுதான்.

ஆனால் பார்த்துச் செய்கிற பழக்கத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது.

எங்கள் பகுதியில் பத்து வருஷமாக வீடு புதுப்பிக்கிறவர்கள் செய்வதைப் பாருங்கள். முன்பக்கம் 'எலிவேஷன்'. மேற்கு பார்த்த சுவரில் பெரிய கண்ணாடி. வெயிலைத் தடுத்துக்கொண்டிருந்த சன்ஷேடை இடித்து மட்டமாக்குவது. கார் நிறுத்த வேப்ப மரத்தை வெட்டுவது. பிறகு வீடு கொதிக்கிறது என்று ஏசி வாங்குவது. ஒருவர் செய்தார், அழகாக இருந்தது, நாலு பேர் செய்தார்கள். சோலார் பரவியது எந்த வழியிலோ அதே வழியில்தான் இதுவும் பரவியது. கண்ணுக்குத் தெரிவது பரவுகிறது, நல்லதா கெட்டதா என்று அது பார்ப்பதில்லை.

அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியாத நல்லது எப்படிப் பரவும்? எனக்கு முக்கியமான கேள்வி இதுதான்.

மின்விசிறியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சீலிங் பேன் ஒன்று முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி பேன் சுமார் 30 வாட். வித்தியாசம் 45 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் 675 வாட்-மணி. இரண்டு மாதத்துக்கு, அதாவது 60 நாளுக்கு, 40.5 யூனிட். மூன்று பேன் மாற்றினால் 120 யூனிட்டுக்கு மேல். நம் ஊரில் இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம் என்பது உங்களுக்குத் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே உள்ள யூனிட்டுக்குக் கிடைத்த சலுகையும் குறைகிறது. அதனால் கோடையில் 580, 600 என்று வருகிற வீட்டில், மூன்று பேன் மாற்றினாலே பில் வேறு கட்டத்துக்கு இறங்கிவிடும். சோலாருக்கு லட்சக் கணக்கில் வேண்டும். இதற்குச் சில ஆயிரம் போதும். ஆனால் பிஎல்டிசி பேன் வாங்கியவர் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், அண்ணாந்து பார்த்து, "அட, இது எத்தனை வாட்?" என்று கேட்பாரா? எந்தப் பேனும் சுற்றும்போது ஒன்று போலத்தான் தெரியும்.

மொட்டை மாடிச் சுண்ணாம்பும் அப்படித்தான். வெயில் முழுக்க விழுகிற இடம் கூரை. கறுத்துப்போன சிமெண்ட் தளம் வெயிலைக் குடித்து, ராத்திரி முழுக்க அதைக் கீழே கக்கும். வெள்ளையாக இருந்தால் வெயிலில் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். எட்டாம் வகுப்புப் பாடம் இது. ஆனால் மாடியைத் தெருவிலிருந்து யார் பார்க்கிறார்கள்?

இங்கேதான் என் அக்கா கதையைச் சொல்ல வேண்டும். அக்காவிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு 76 வயது. முசிறியில் தனியாக இருக்கிறார். அத்திம்பேர் 1989இல் கட்டிய வீடு. ஒரே தளம், மேலே நேராக மொட்டை மாடி. 2024 ஏப்ரல் கடைசியில் அடித்த வெயில் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு நாள் மத்தியானம் சமையலறையில் மயங்கி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டார் பார்த்ததால் பிழைத்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்றார் டாக்டர். தரையில் படுத்தாலும் கூரை அனலடிக்கிறது, ராத்திரி மூன்று மணி வரை தூக்கமில்லை என்பதையெல்லாம் அதுவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகன் உடனே ஏசி வாங்கி மாட்டினான். மகனைக் குறை சொல்ல முடியாது; அவன் மாமனார் வீட்டில் நாலு ஏசி, தாய்க்கு ஒன்றாவது வேண்டாமா? ஆனால் அக்கா அதைப் போடவே இல்லை. நூறு யூனிட்டுக்குள் பில் வராமல் பார்த்துக்கொள்வதை ஒரு விரதமாக வைத்திருப்பவர். மகன் போன் செய்யும்போது மட்டும் ரிமோட்டை அமுக்கி, அந்த 'பீப்' சத்தத்தைக் கேட்கவிட்டு, பிறகு அணைத்துவிடுவார்.

நான் போய் உட்கார்ந்து, "அக்கா, மாடிக்குச் சுண்ணாம்பு அடிச்சுரலாம். வெள்ளை நிறம் வெப்பத்தை..." என்று ஆரம்பித்தேன்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குச் சொல்றத எனக்குச் சொல்லாதடா. இந்தத் தெருவில எவ மாடிக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்கா? பொங்கலுக்குச் சுவத்துக்கு அடிப்பாங்க. மொட்ட மாடிக்கு அடிச்சா ஊர் சிரிக்கும்."

அவ்வளவுதான். பேச்சு முடிந்தது.

அக்கா மனசை மாற்றியவர் கோவில் வாசலில் பூ விற்கும் அம்மா. அவர் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கட்டட வேலைக்குப் போகும் அவர் மகன், வேலை செய்த இடத்தில் மிஞ்சிய வெள்ளைப் பூச்சைக் கொண்டுவந்து கூரைமேல் இரண்டு கை அடித்திருக்கிறான். "அம்மா, மத்தியானத்துல இப்ப வீட்டுக்குள்ள உக்கார முடியுது. நீங்க வேணா வந்து பாருங்க" என்றாராம். அக்கா போயிருக்கிறார். மத்தியானம் இரண்டு மணிக்கு, அந்த அம்மா வீட்டுத் தரையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலம் எனக்குப் போன். "டேய், அந்தப் பையனையே வரச் சொல்லிட்டேன். நீ ஒண்ணும் லெக்சர் அடிக்க வேணாம். வந்து நின்னு பாத்துக்க."

சுண்ணாம்பு, வெள்ளை சிமெண்ட், ஒட்டுவதற்குப் பசை, இரண்டு நாள் கூலி, அவ்வளவுதான் செலவு. அடிப்பதற்கு முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும் மத்தியானம் மூன்று மணிக்கு அறை வெப்பத்தைக் குறித்து வைத்தேன் (பழக்கம் விடுமா?). வெளி வெயில் ஏறக்குறைய ஒரே அளவு இருந்த நாட்களை மட்டும் ஒப்பிட்டால், உள்ளே சுமார் இரண்டரை டிகிரி குறைந்திருந்தது. கேட்க அற்பமாக இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கே தூங்கிவிடும் அக்காவைக் கேட்டால் அது எவ்வளவு என்று சொல்வார். இந்த வருஷம் அதே தெருவில் ஐந்து வீட்டு மாடி வெள்ளை. அடித்தது அதே பையன். இப்போது கோடை வந்தால் அவனுக்கு ஓயாத வேலை. ஏசியும் இருக்கிறது, பொறுக்க முடியாத நாளில் ஒரு மணி நேரம் போடுகிறார், இப்போது நிஜமாகவே.

இந்தக் கதையில் நான் கவனித்தது ஒன்று. படிப்போ பட்டமோ அல்ல, 'நம்மைப் போன்ற ஒருவர்' சொன்னால்தான் மனம் திறக்கிறது. தம்பி சொன்னால் அது உபதேசம். பூக்காரம்மா சொன்னால் அது செய்தி.

இன்னொன்று, வீட்டு முடிவு யார் கையில் என்பது. சோலார் விற்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்களிடம் பேசிவிட்டுப் போகிறார்கள். ஆனால் மொட்டை மாடி யாருடைய இடம்? துணி காயப் போடுவது, வடாம் பிழிவது, மிளகாய் உலர்த்துவது எல்லாம் அங்கேதான். 3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி போகும். எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் சோலார் நின்றுபோனதற்குக் காரணம் பணமில்லை, "வடாம் எங்க போடறது?" என்ற கேள்விதான். ஆள் உயரத்துக்கு மேல் இரும்புச் சட்டம் போட்டுப் பேனலை ஏற்றினால் கீழே நிழலும் கிடைக்கும், இடமும் மிஞ்சும். செலவு கொஞ்சம் கூடும். இதைச் சீட்டுக்கார அக்கா வீட்டில் பார்த்த பிறகுதான் அவர்களும் சம்மதித்தார்கள்.

வாடகை வீட்டில் இருக்கும் மாணவர்களே, உங்களை மறக்கவில்லை. கூரை வீட்டுக்காரருடையது, வெக்கை உங்களுடையது, பில்லும் உங்களுடையது. இதுதான் இந்த விஷயத்தில் பெரிய முடிச்சு. பேனை மட்டும் நீங்கள் வாங்கலாம். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். சுண்ணாம்பைப் பற்றி வீட்டுக்காரரிடம் நீங்கள் பேசுவதைவிட, சுண்ணாம்பு அடித்த இன்னொரு வீட்டுக்காரரைப் பேச வையுங்கள்.

கேட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சில விஷயம்:

1. வரிசை முக்கியம். முதலில் கூரை, பிறகு பேன், அதன்பிறகு சோலார். தேவையைக் குறைத்துவிட்டால் 3 கிலோவாட்டுக்குப் பதில் 2 போதுமானதாக இருக்கலாம்.

2. உங்கள் ஆறு பில்லை எடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் வந்தால் சோலாருக்கு அவசரமே இல்லை. சம்பந்தி போட்டார் என்பதற்காகப் போடாதீர்கள்.

3. நல்ல வெயில் நாளில் ஒரு கிலோவாட் ஏறக்குறைய 4 யூனிட் தரும். இதைவிட மிக அதிகமாகச் சொல்கிறவரிடம் கவனமாக இருங்கள்.

4. பேட்டரி இல்லாத சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. பழுது அல்ல. இது தெரியாமல் போட்டுவிட்டு ஏமாந்துவிட்டோம் என்று பேசுகிறவர்கள் அதிகம்.

5. மானியம் வேலை முடிந்து, மீட்டர் மாட்டிய பிறகுதான் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3க்கும் அதற்கு மேலும் 78,000. இந்தியாவில் தயாரான பேனலாக இருக்க வேண்டும்.

6. ஒப்பந்ததாரர் முன்பு வேலை செய்த மூன்று வீட்டுக்குப் போய், ஒரு மழைக்காலம் தாண்டியதா என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பிள்ளை மார்க்கை ஊருக்கே சொல்கிறோம். தங்கம் வாங்கினால் போட்டோ போடுகிறோம். ஈபி பில்லை மட்டும் ஏன் அலமாரிக்குள் மடித்து வைக்கிறோம்? உங்கள் வீட்டில் ஏதாவது செய்து பலன் கண்டிருந்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள். விருந்தாளியை மாடிக்குக் கூட்டிப் போங்கள். பலன் இல்லாமல் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். எது தப்பாயிற்று என்று சேர்த்துச் சொல்லுங்கள், அப்போதுதான் அடுத்தவர் பயப்படாமல் திருத்திக்கொள்வார். பின் தெருக்காரரிடம் நான் இதைத்தான் கேட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு எங்கள் தெரு ஆட்கள் சிலரோடு அவர் மாடி ஏறிப் பார்க்கப் போகிறோம். நம் மாணவர் ஒருவர் எலெக்ட்ரீஷியன். இன்வெர்ட்டரைப் பார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறார். ஒழுகலுக்கு ஒரு கொத்தனாரும் வருகிறார்.

கோடைக்கு இன்னும் நாள் இருக்கிறது. மாடி வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள் உங்கள் குடும்பத்திலும் இருப்பார்கள். போன் செய்யும்போது "சாப்பிட்டியாம்மா?" என்பதோடு, "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்றும் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் சார்